காசநோய் உறுதியானவரிடம் எச்.ஐ.வி. பரிசோதனை ஏன் கேட்கப்படுகிறது?

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என மதுரை மாவட்டத்தின் எந்த அரசு மருத்துவமனையிலும், காசநோய் உறுதியான ஒருவரிடம் அடுத்துக் கேட்கப்படுவது எச்.ஐ.வி. பரிசோதனைக்குச் சம்மதமா என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்டதும் உடன் வந்த மனைவியின் முகம் மாறிவிடுகிறது. "அவுகளுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது சிஸ்டர், எதுக்கு இந்தப் பரிசோதனை?" என்று அவர் கேட்பதில் கோபமும் அச்சமும் கலந்திருக்கின்றன. தன் கணவரின் நடத்தையைச் சந்தேகிக்கிறார்கள் என்றே அவர் எடுத்துக்கொள்கிறார். மற்றொரு பக்கம், "காசநோயாளிகளில் இத்தனை பேருக்கு எச்.ஐ.வி." என்று ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்காட்டி, காசநோய் வந்தாலே எச்.ஐ.வி. இருக்கும் என்பதுபோலப் பேசுவோரும் உள்ளனர். இரண்டுமே தவறான புரிதல்கள். பரிசோதனை ஏன் கேட்கப்படுகிறது, அதன் முடிவு பதிவேட்டில் எப்படி ஏறுகிறது, அந்தப் பதிவை எப்படிப் படிக்க வேண்டும் என்பவற்றை மருத்துவப் பின்னணி இல்லாதவர்களுக்கும் விளங்கும்படி இக்கட்டுரை சொல்ல முயல்கிறது.

இரண்டு கிருமிகள், இரண்டு வழிகள்

காசநோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. இராபர்ட் கோச் 1882 மார்ச் 24 அன்று அதைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அதனால்தான் மார்ச் 24 உலகக் காசநோய் நாளாக அனுசரிக்கப்படுகிறது. நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் காற்றில் மிதந்து, அதே அறையில் இருப்பவரின் மூச்சுக்குள் செல்கின்றன.

எச்.ஐ.வி. ஒரு வைரஸ். பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பகிர்ந்துகொள்ளப்படும் ஊசி ஆகியவற்றின் மூலமாகவும், தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்கும் அது பரவுகிறது. இருமலாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ பரவுவதில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986-ல் சென்னையில்தான் முதன்முதலில் கண்டறியப்பட்டது.

இவற்றில் ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. காசநோய் முற்றி எச்.ஐ.வி. ஆகாது, காசநோயாளியின் அருகில் இருப்பதால் எச்.ஐ.வி. வராது. ஆயினும் இந்த இரண்டு கிருமிகளும் ஓர் உடலில் சந்திக்கும்போது ஒன்றுக்கொன்று துணைபோகின்றன. அந்தத் துணைபோதல் எப்படி நிகழ்கிறது என்பது புரிந்துவிட்டால், பரிசோதனைக்கான காரணம் தானாகவே விளங்கிவிடும்.

கண்மாய்க் கரையும் உடலின் காவலும்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கண்மாய் தெரியாதவர் இருக்க முடியாது. கண்மாயில் தண்ணீர் நிற்பதால் ஊருக்கு ஆபத்தில்லை. கரை உறுதியாக இருக்கும்வரை தண்ணீர் அதன் எல்லைக்குள்தான் நிற்கும். கரைக்குள் நண்டு வளை போட்டுவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. புல் முளைத்த கரை முன்போலவே காட்சியளிக்கும். மழைக்காலத்தில் நீர் மட்டம் ஏறும்போது, வளை விழுந்த இடத்தில்தான் உடைப்பு எடுக்கும்.

காசநோய்க் கிருமி உடலுக்குள் நுழைந்த பெரும்பாலோர் கரை உறுதியாக உள்ள கண்மாயைப் போன்றவர்கள். உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இக்கிருமி தொற்றியிருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. ஆனால் அவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படுகிறது. மற்றவர்களின் உடலில் கிருமி உயிரோடு இருந்தாலும் அடங்கியே கிடக்கிறது. இதை உள்ளுறை தொற்று என்பர்.

அதை அடக்கி வைப்பது நோய் எதிர்ப்பு மண்டலம். நுரையீரலுக்குள் வந்த கிருமியை ஒருவகை வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. ஆனால் காசநோய்க் கிருமிக்கு, தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே உயிர்வாழும் திறன் உண்டு. அப்போது சி.டி.4 அணுக்கள் என்ற மற்றொரு வகை வெள்ளணுக்கள் வந்து, விழுங்கிய அணுக்களை முடுக்கிவிடும் வேதிச் செய்திகளை வெளியிடுகின்றன. முடுக்கம் பெற்ற அணுக்கள் கிருமியைக் கொல்கின்றன, அல்லது கிருமியைச் சுற்றி நெருக்கமாகக் கூடி ஒரு சிறு முடிச்சாகி அதைச் சிறைப்படுத்துகின்றன. ஆண்டுக்கணக்கில் இந்தச் சிறை குலையாமல் இருப்பதற்கு சி.டி.4 அணுக்களின் இடைவிடாத ஒத்துழைப்பு தேவை.

எச்.ஐ.வி. தேடிச் சென்று அழிப்பது இந்த சி.டி.4 அணுக்களைத்தான். நலமாக உள்ளவரின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும் இவ்வணுக்கள், சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்றில் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்து 200-க்கும் கீழே போய்விடலாம். நண்டு வளையைப் போலவே இதுவும் பல ஆண்டுகள் வெளியே தெரிவதில்லை. ஆள் வேலைக்குப் போவார், வண்டி ஓட்டுவார், திருவிழாவுக்கு வருவார். உள்ளே சிறை குலைந்ததும் அடங்கிக் கிடந்த கிருமி பெருகி நோயாகிறது. வாழ்நாள் முழுவதற்கும் 5 முதல் 10 சதவீதமாக இருந்த ஆபத்து, சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. தொற்றுள்ளவரிடம் ஓர் ஆண்டுக்கே 10 சதவீதம் வரை உயர்கிறது. துணைபோதல் எதிர்த்திசையிலும் நடக்கிறது: காசநோயோடு உடல் போரிடும்போது முடுக்கம் பெறும் அணுக்களுக்குள் எச்.ஐ.வி. இன்னும் வேகமாகப் பெருகுகிறது.

நண்டு வளையில்லாத கரையும் உடைவதுண்டு. சத்துக்குறைவு, நீரிழிவு, புகையிலை, மது ஆகியவையும் எதிர்ப்பாற்றலைக் குறைத்துக் காசநோய்க்கு வழி திறக்கின்றன. உண்மையில், நம் பகுதியில் காசநோய் வருவோரில் பெரும்பாலோருக்கு எச்.ஐ.வி. இல்லை, அவர்களுடைய நோய்க்கு இத்தகைய வேறு காரணங்களே உள்ளன. எனவே காசநோய் உறுதியானவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனையோடு சர்க்கரைப் பரிசோதனையும் செய்யப்படுகிறது. சர்க்கரை பார்க்கச் சொன்னால் யாரும் அவமானமாக நினைப்பதில்லை. உடைப்பு எடுத்த கரையை முழுவதுமாகச் சோதிக்கும் அதே வேலைதான் இரண்டு பரிசோதனைகளிலும் நடக்கிறது.

சுருக்கமாக: காசநோய்க் கிருமியை அடக்கி வைப்பவை சி.டி.4 அணுக்கள், எச்.ஐ.வி. அவற்றை அழிப்பதால் காசநோய் எளிதில் வெளிப்படுகிறது. இந்தத் தொடர்பு இருப்பதால் காசநோய் வந்த எல்லோரிடமும் பரிசோதனை கேட்கப்படுகிறது. ஒருவரது நடத்தையைப் பற்றிய ஊகம் அதில் எதுவும் இல்லை.

நிலை தெரிந்தால் சிகிச்சையில் என்ன மாறுகிறது?

முதலில், மாறாதது எது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவருக்கும் காசநோய் குணமாகும். மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கான ஆறு மாத மருந்துகளே அவருக்கும் தரப்படுகின்றன. ஆனால் காசநோய் மருந்து மட்டும் போதாது. உடைப்பை அடைத்துவிட்டு வளையை அப்படியே விட முடியாது.

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சைக்கு ஏ.ஆர்.டி. என்று பெயர். காசநோய் மருந்தை முதலில் தொடங்கி, உடல் அதை ஏற்றுக்கொண்ட பிறகு, சி.டி.4 எண்ணிக்கை எவ்வளவு என்று பாராமல், இரண்டு வாரங்களுக்குள் ஏ.ஆர்.டி.யைத் தொடங்க வேண்டும் என்பது 2021 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மூளையுறையைத் தாக்கிய காசநோய் மட்டும் இதற்கு விலக்கு, அதில் ஏ.ஆர்.டி.யைச் சில வாரங்கள் தள்ளித் தொடங்குகிறார்கள். எதிர்ப்பாற்றல் திடீரென மீளும்போது ஏற்படும் அழற்சி, மூளைக்குள் நிகழ்ந்தால் உயிருக்கே ஆபத்தாகும் என்பதே காரணம்.

இரண்டு மருந்துகளும் ஒன்றோடொன்று உரசுவதும் உண்டு. காசநோய்ச் சிகிச்சையின் முதுகெலும்பான ரிஃபாம்பிசின், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அதனால் எச்.ஐ.வி.க்கு இன்று பரவலாகத் தரப்படும் டொலுடெக்ராவிர் இரத்தத்தில் தேவையான அளவுக்கு நிற்பதில்லை. இதை ஈடுசெய்ய, வழக்கமாக நாளுக்கு ஒருமுறை 50 மில்லிகிராம் எடுப்பவர், ரிஃபாம்பிசின் எடுக்கும் காலத்தில் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இருமுறை எடுக்க வேண்டும். காசநோய் மருத்துவருக்கு எச்.ஐ.வி. நிலை தெரியாமலும், ஏ.ஆர்.டி. மையத்துக்குக் காசநோய் தெரியாமலும் இருந்தால், இந்தக் கூடுதல் மாத்திரையை எழுதித் தருபவர் யாரும் இருக்க மாட்டார். தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை ஏற்கெனவே அறிந்தவர், கூச்சத்தால் அதைக் காசநோய்ப் பிரிவில் சொல்லாமல் விடும்போது நேரும் கேடும் இதுவே. கோட்ரைமாக்சசோல் என்ற எளிய மாத்திரையும் இத்தகையோருக்குச் சேர்த்துத் தரப்படுகிறது. எதிர்ப்பாற்றல் குறைந்த உடலில் புகும் வேறு சில தொற்றுகளை அது தடுக்கிறது.

மருந்தை எந்த இடைவெளியில் எடுப்பது என்பதிலும் எச்.ஐ.வி. நிலைக்குப் பங்கிருந்தது. ஒரு காலத்தில் நாடெங்கும் காசநோய் மருந்து வாரம் மூன்று நாள் தரப்பட்டது. எச்.ஐ.வி.யும் நுரையீரல் காசநோயும் சேர்ந்து உள்ளோருக்கு இது போதுமா என்ற கேள்வியை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டு நோயாளர்களிடையே நடத்திய ஆய்வு எடுத்துக்கொண்டது. நாள்தோறும் மருந்து எடுத்தவர்கள், வாரம் மும்முறை எடுத்தவர்களைவிடக் கூடுதலாகக் குணமடைந்ததாக 2018-ல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. இப்போது இந்தியாவில் எல்லாக் காசநோயாளிகளுக்கும் நாள்தோறும்தான் மருந்து.

நோயைக் கண்டுபிடிப்பதும் மாறுகிறது. நுரையீரலில் குழி விழுந்து, அதிலிருந்து ஏராளமான கிருமிகள் சளியோடு வெளியேறுவது, எதிர்ப்பு மண்டலம் வலுவாக மோதுவதன் விளைவு. சி.டி.4 மிகவும் குறைந்தவரிடம் அந்த மோதல் நடப்பதில்லை. ஆகவே சளியில் கிருமி குறைவாக இருக்கும், எக்ஸ்ரேயும் ஏமாற்றலாம். நிணநீர்க் கட்டி, நுரையீரல் உறை, மூளையுறை போன்ற இடங்களில் நோய் தலைகாட்டும். நிலை தெரிந்த மருத்துவர், சளியில் கிருமி இல்லை என்ற ஒரு முடிவோடு நின்றுவிடாமல் மேலும் தேடுவார்.

பதிவேட்டில் இருப்பவை மூன்று நிலைகள்

இனி, மிகவும் குழப்பம் விளைவிக்கும் பகுதிக்கு வருவோம். காசநோய்த் திட்ட அறிக்கைகளில் 'எச்.ஐ.வி. நிலை அறியப்பட்டோர்' என்றொரு விகிதம் வரும். இதைப் பார்ப்பவர்களில் பலர், எச்.ஐ.வி. உள்ளவர்களின் விகிதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படியன்று. காசநோயாளியாகப் பதிவு செய்யப்பட்டவர்களில் எத்தனை பேரின் பரிசோதனை முடிவு, தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், பதிவேட்டில் ஏறியிருக்கிறது என்பதே அதன் பொருள். தொற்று இல்லை என்பதும் அறியப்பட்ட நிலைதான். முன்பே தொற்று உறுதியாகிச் சிகிச்சையில் இருப்பவரின் சான்று பதிவானாலும் அவர் நிலை அறியப்பட்டவரே.

ஆக, ஒவ்வொரு காசநோயாளியும் மூன்று நிலைகளில் ஒன்றில் இருப்பார்: தொற்று உண்டு, தொற்று இல்லை, தெரியாது. இந்த மூன்றாவதைப் பலரும் இரண்டாவதோடு சேர்த்துவிடுகிறார்கள். பதிவேட்டில் காலியாக உள்ள கட்டத்தை 'இல்லை' என்று படித்துவிடும் பழக்கம் மிகவும் ஆபத்தானது.

கணக்கைப் புரிந்துகொள்வதற்காக மட்டும் சில கற்பனை எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு வட்டாரத்தில் ஓராண்டில் 200 பேர் காசநோயாளிகளாகப் பதிவாகின்றனர். 180 பேரின் எச்.ஐ.வி. முடிவு பதிவாகியிருக்கிறது; அவர்களில் 9 பேருக்குத் தொற்று உண்டு, 171 பேருக்கு இல்லை. மீதி 20 கட்டங்கள் காலி. நிலை அறியப்பட்டோர் 200-க்கு 180, அதாவது 90 சதவீதம். தொற்றுள்ளோர் விகிதத்தை 200-ஆல் வகுத்தால் 4.5 என்று வரும். அது தவறு, ஏனெனில் பரிசோதிக்கப்படாத 20 பேரையும் தொற்று இல்லாதவர்களாக அது கருதிவிடுகிறது. நிலை அறியப்பட்ட 180 பேரால் வகுக்க வேண்டும். அப்போது 5 சதவீதம்.

அடுத்த ஆண்டும் 200 பேர் பதிவாகி, ஒருவர் விடாமல் எல்லோரும் பரிசோதிக்கப்பட்டு, 10 பேருக்குத் தொற்று இருப்பது தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பத்தாகிவிட்டது, எச்.ஐ.வி. கூடிவிட்டது என்று செய்தி எழுதுவது எளிது. ஆனால் விகிதம் அதே 5 சதவீதம்தான். முன்னர் பார்க்கப்படாதவர்கள் இப்போது பார்க்கப்பட்டிருக்கிறார்கள். பரிசோதனை விரிவடையும்போது தொற்றுள்ளோரின் எண்ணிக்கை உயர்வது பெரும்பாலும் நல்ல வேலையின் அடையாளம். அதைக் கண்டு அந்த ஊரைத் தூற்றுவது, வேலை செய்தவர்களைத் தண்டிப்பதாகும்.

காலிக் கட்டங்கள் ஏன் விழுகின்றன என்பதில்தான் அதிக அக்கறை காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவரின் பெயர், 2012-ல் கட்டாயமாக்கப்பட்ட அறிவிப்பு முறையால், நிக்ஷய் என்ற தேசிய இணையப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது, எச்.ஐ.வி. முடிவு ஏறாமல் போகலாம். வேலைக்காகத் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போய்விட்டவர் இரண்டு ஊர்ப் பதிவுகளுக்கும் இடையில் விழுந்துவிடலாம். பரிசோதனை நடந்தும் முடிவை யாரும் உள்ளிடாமல் விட்டிருக்கலாம். எல்லாவற்றையும்விட வருத்தமானது, நோய் முற்றிய நிலையில் வந்து, பரிசோதனைக்கு முன்பே இறந்துபோனவரின் கட்டம். எச்.ஐ.வி.யோடு வரும் காசநோயில் சாவு சீக்கிரம் நேர்வதால், காலியாக உள்ள 20 பேரிடையே தொற்று விகிதம் 180 பேரிடையே இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கவும் கூடும். தமிழ்நாட்டில் 2022 முதல் நடைபெறும் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', நோய் உறுதியானவுடனேயே எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, எழுந்து நிற்கும் திறன் போன்றவற்றைப் பார்த்து, நிலை மோசமானவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கச் சொல்வதும் இந்த ஆரம்பகாலச் சாவுகளைத் தடுக்கத்தான்.

உலகளவில், 2023-ல் காசநோயாளிகளாகப் பதிவானோரில் ஏறத்தாழ 80 சதவீதத்தினரின் எச்.ஐ.வி. நிலை பதிவாகியிருந்தது. அதே ஆண்டில் காசநோயால் இறந்ததாக மதிப்பிடப்பட்ட 12.5 லட்சம் பேரில் 1.61 லட்சம் பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். எச்.ஐ.வி. உள்ளோரின் சாவுக்கு முதன்மைக் காரணமாக இன்றும் இருப்பது காசநோயே.

சுருக்கமாக: நிலை அறியப்பட்டோர் விகிதம் பணியின் நிறைவைக் காட்டுகிறது, தொற்றுள்ளோர் விகிதம் நோயின் அளவைக் காட்டுகிறது. முதல் விகிதம் குறைவாக இருந்தால் இரண்டாவதை நம்ப முடியாது. இவற்றோடு மூன்றாவது ஒன்றையும் கேட்க வேண்டும்: தொற்றுள்ளோரில் எத்தனை பேருக்கு ஏ.ஆர்.டி. தொடங்கப்பட்டது? அந்த 9 பேரில் 8 பேருக்குத்தான் தொடங்கியிருக்கிறது என்றால், விட்டுப்போன ஒருவரை வீடு தேடிச் சென்று பார்ப்பதற்காகவே இவ்வளவு பதிவும்.

பரிசோதனையும் இரகசியமும்

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் இடம் நம்பிக்கை மையம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் இது தனி மையமாக இயங்குகிறது. சிறிய மருத்துவமனைகளில் விரல் நுனி இரத்தத்தில் முதற்கட்டப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் மையத்துக்கு அனுப்புகிறார்கள். முதற்கட்டத்தில் தொற்று இருப்பதாகக் காட்டினால் அதுவே முடிவாகாது. வெவ்வேறு வகையான பரிசோதனைகளும் ஒத்துவந்தால்தான் தொற்று உண்டு என்று சொல்கிறார்கள். தொற்றிய முதல் சில வாரங்களில் பரிசோதனையில் தெரியாமல் போகவும் கூடும். அண்மையில் தொற்ற வாய்ப்பிருந்தவரை மீண்டும் வரச் சொல்வது அதனால்தான்.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. விவரம் அறிந்து தரும் சம்மதம் இல்லாமல் யாருக்கும் பரிசோதனை செய்யக் கூடாது என்றும், ஒருவரின் நிலையை அவரது சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்றும் அது சொல்கிறது. மாவட்ட அறிக்கைக்குச் செல்வது எண்ணிக்கை மட்டும், பெயர் அன்று. ஒருவர் பரிசோதனையை மறுத்தாலும் அவருக்குரிய காசநோய்ச் சிகிச்சையை நிறுத்த முடியாது.

சட்டம் இப்படி இருக்க, வெளிநோயாளிகள் வரிசையில் பத்துப் பேர் காதில் விழும்படி "எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அந்த ஒரு கேள்வி, அடுத்துச் சம்மதிக்கவிருந்த பலரைத் திருப்பி அனுப்பிவிடும். கதவை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் காரணத்தை விளக்கினால், பெரும்பாலோர் மறுப்பதில்லை.

மறு திசையிலும் கேள்விகள்

ஏ.ஆர்.டி. மையத்துக்கு வருவோரிடம் ஒவ்வொரு முறையும் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை ஆகிய நான்கும் கேட்கப்படுகின்றன. ஒன்று இருந்தாலும் காசநோய்க்கான மூலக்கூறுப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். எதுவும் இல்லையென்றால் உள்ளுறை தொற்று நோயாகாமல் இருக்கத் தடுப்பு மருந்து தருகிறார்கள். காசநோயாளிக்கு எச்.ஐ.வி. உறுதியானால் வாழ்க்கைத்துணைக்கும், தேவைப்பட்டால் குழந்தைகளுக்கும் பரிசோதனை செய்யப்படுகிறது. மருத்துவமனைக்குப் போகும் முன்பே யாரிடமாவது பேசித் தெளிவுபெற விரும்புவோர் 1097 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.